வெள்ளவத்தையா, வத்தளையா?

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "எங்க இருக்கப் போறாய்? வெள்ளவத்தையா, வத்தளையா?" என்றுதான் கேட்டா.

வேலை பத்தரமுல்லையில். வரைபடத்தைத் திறந்து பார்த்தால் மாலபே, தலவத்துகொடை, ராஜகிரிய என்று பக்கத்திலேயே எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். வத்தளையிலிருந்து என்றால் களனி ஆற்றைக் கடந்து, காலை நெரிசலில் நகரத்துக்குள்ளாலேயே நுழைந்து வர வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்கு விளங்காத விசயம் இல்லை. ஆனாலும் அவவின் வாயில் அந்த இரண்டு பெயர்கள்தான் வந்தன. மாமாவிடம் கேட்டேன், மூன்றாவதாகக் கொட்டாஞ்சேனையைச் சேர்த்தார். அதோடு பட்டியல் முடிந்தது.

கொழும்பைச் சுற்றி இவ்வளவு இடம் இருக்கேக்க எங்கட ஆக்களுக்கு ஏன் இரண்டு மூண்டு பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வருது? வாடகை வீடு தேடி அலைந்த ஆறு கிழமையும் இந்தக் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. தேடத் தேட அது வீட்டு விளம்பரங்களில் இருந்து விலகி வரலாற்றுக்குள் போய்விட்டது.

முதலில் என் ஊர். உயிலங்குளம், மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் ஏ-14 வீதியில், முருங்கனுக்கு முந்தி வரும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில நெல் விளையிற பக்கம். வெளியூர்க்காரர் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்தது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். ஓமந்தை, முகமாலை போல அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் நடுவில் இருந்த கடவைகளில் இதுவும் ஒன்று. எங்கட வீட்டுப் பெரியவர்களுக்கு அது நேர்காணல் மாதிரி. எங்க போறீர், ஏன் போறீர், யார் வீட்டில நிப்பீர்? கடைசிக் கேள்விதான் முக்கியம். போகிற இடத்தில் சொல்ல ஒரு வீடு வேண்டும். அந்தக் கேள்வி கடவையோடு நிற்காமல் கொழும்பு வரைக்கும் கூடவே போனது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கொழும்பில் தமிழர் வாடகைக்கு இருக்கத் தொடங்கிய கதை போருக்கு மிக முந்தியது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1914இல் தலைமன்னார் பாதை திறந்தது. வடக்கில் மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த பெடியங்கள் கிளறிக்கல் உத்தியோகத்துக்குக் கொழும்புக்கு ரயில் ஏறினார்கள். குடும்பம் ஊரில், மாதச் சம்பளம் கொழும்பில். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, ஒரு சமையல்காரரை வைத்து இருந்தார்கள். அதற்குச் 'சமறி' என்று பெயர். இன்றைக்கு நாங்கள் நண்பர்களோடு சேர்ந்து அனெக்ஸ் எடுக்கிறோமே, அதன் பாட்டன் சமறிதான். பிறகு கலியாணம் கட்டியவர்கள் தனி வீடு பார்த்தார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கோடு கீறின மாதிரி ஓடும் ஒழுங்கைகள், நடந்தால் ரயில் நிலையம், கோட்டைக்குப் போய் இறங்கினால் கந்தோர். பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளவத்தையில் அதற்கு முன்பே பெரிய நெசவாலை இருந்தது, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். பின்னால் கோவில், பள்ளிக்கூடம், இராமகிருஷ்ண மிசன், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சேர்ந்தன.

அதுவரைக்கும் இது வசதியைப் பார்த்து எடுத்த முடிவு. என்னைப் போலவே வேலைக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம் என்று யோசித்தவர்கள்தான்.

1958 அதை மாற்றியது. அந்த மே மாதக் கலவரத்தில் கொழும்பிலும் புறநகர்களிலும் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டன. அகதிகள் கப்பலில் வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். 1977 ஓகஸ்டில் திரும்பவும் அடி. 1983 யூலையில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் இங்கே எடுத்துச் சொல்ல வேண்டும். வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாகத் தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். யார் எந்த இலக்கத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தே கதவைத் தட்டினார்கள். வாடகை வீட்டில் தமிழர் இருந்து, வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர் என்றால் சாமான்களை மட்டும் றோட்டில் இழுத்துப் போட்டு எரித்த இடங்களும் உண்டு. ஒரு வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பதற்கும் வாடகைக்கு இருப்பதற்கும் இப்படியும் ஒரு வித்தியாசம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கக் கஷ்டமாக இருந்தது. எரிந்த இடத்துக்கே ஆட்கள் திரும்பி வந்தார்கள். 1990களில் வெள்ளவத்தை முன்பை விட அதிகமாகத் தமிழாகியது. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதி, வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், விசாவுக்கு வந்தவர்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த காசில் அப்பார்ட்மென்ட் வாங்கியவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். லொட்ஜுகள் நிரம்பின. பழைய வீடுகள் இடிந்து மாடிகள் எழும்பின.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், "கூட இருந்தால் பாதுகாப்பு." இருக்கலாம். ஆனால் வாடகைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலமான பாதுகாப்புக் கொடுத்தது. அடுத்த வருசம் வந்த வீடமைப்பு உச்சவரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. நல்ல நோக்கம்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு ஒரு பயம் வந்தது, குடிவந்தவன் எழும்ப மாட்டான் என்று. அந்தப் பயத்தோடு இருக்கிற ஒருவருக்கு எப்படிப்பட்ட ஆள் பிடிக்கும்? மொத்தமாக அட்வான்ஸ் தருபவர், ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ விசா வந்ததும் போய்விடுபவர். வெள்ளவத்தைக்கு வந்தவர்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். இது என் ஊகம், ஆதாரம் கேட்டால் கையில் இல்லை. ஆனாலும் வெறும் இனப்பாசம் மட்டும் ஒரு வாடகைச் சந்தையை உருவாக்காது.

மன்னார் ஆட்களின் பாதை கொஞ்சம் வேறு. எங்கட பக்கம் கத்தோலிக்கர் கனக்க. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம், கொச்சிக்கடையில் அந்தோனியார், ஆற்றுக்கு அங்கால ஹேந்தளை, வத்தளை, நீர்கொழும்பு வரைக்கும் கோவில் கோவிலாகக் கரை நீளுகிறது. அங்கிருந்து சிங்களக் கத்தோலிக்கர் ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு வருவார்கள். மடுவில் பழகிய முகம் வத்தளையில் வீட்டுக்காரராக இருந்தால் கதை சுலபம். தமிழ்ப் பூசை உண்டு, இரண்டு மொழியும் கதைக்கிற அயல் உண்டு, வெள்ளவத்தையை விட வாடகை குறைவு. குறைவுக்கு ஒரு காரணம் களனி ஆறு. 2016 மே மாதம் அந்த ஆறு பெருகியபோது அதன் கரையோரம் முழுக்கத் தண்ணிக்குள் நின்றது. விளம்பரத்தில் 'அமைதியான சூழல்' என்று போடுவார்கள், தண்ணி எந்த மட்டத்துக்கு வந்தது என்று போட மாட்டார்கள். வத்தளைப் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் மதில் சுவரின் அடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கோ.

மன்னாரைப் பற்றி எழுதிக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டுப் போக ஏலாது. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் மன்னார் தீவு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள், புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். எங்கே இருக்கலாம் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்கள் வெள்ளவத்தையா வத்தளையா என்று யோசிக்கிற காலத்தில் எங்கட அயலவருக்குப் புத்தளம் மட்டும்தான் இருந்தது.

இனி 2007. கொழும்பில் வெளியூர்த் தமிழர் இருப்பதென்றால் பொலிஸ் பதிவு வேண்டும் என்ற நிலை. வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைக் கொடுக்க வேண்டும், அந்தப் பதிவுத் துண்டைக் குடியிருப்பவர் பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும். அம்மா அந்தக் காலத்தில் வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போய் ஒரு லொட்ஜில் மூன்று கிழமை இருந்தவ. அறைக்கு வெளியே கடைக்குப் போனாலும் அந்தத் துண்டு சட்டைக்குள் இருக்குமாம்.

அந்த வருடம் யூன் 7ஆம் திகதி விடியற்காலை பொலிஸும் படையினரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜுகளுக்குள் போனார்கள். கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று சொல்லி 376 பேரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். உடுப்பு அடுக்கக்கூடச் சிலருக்கு நேரம் கொடுக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அடுத்த நாளே இடைக்காலத் தடை வந்தது. பிறகு பலர் திரும்பி வந்தார்கள். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அம்மா அதற்கு முந்தியே ஊர் திரும்பிவிட்டா.

இங்கேதான் எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். "கூட்டமா இருந்தபடியாத்தான்டா தப்பினம்" என்கிறார் அவர். நான் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1983இல் வெள்ளவத்தையில் கூட்டமாக இருந்தவர்களின் வீடும் எரிந்தது, சிங்கள ஊர்களில் தனியாக இருந்தவர்களின் வீடும் எரிந்தது. உயிர் தப்பிய கதைகளில் பலவற்றில் பக்கத்து வீட்டுச் சிங்களவரின் அறையோ கூரைத் தட்டோதான் வருகிறது. 2007இல் ஒரே விடியலில் இத்தனை பேரை ஏற்ற முடிந்ததே எல்லாரும் ஒரே நாலு தெருவில் இருந்ததால்தான். இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த பஸ்ஸை எத்தனை பேர் கண்டவங்கள், எவ்வளவு கெதியா வெளியில தெரிஞ்சது? மாலபேயில ஒருத்தனை ஏத்திக்கொண்டு போனா ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். எனக்கு அதற்குப் பதில் இல்லை. காணாமல் போனவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு மன்னாரில் அம்மாமார் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

வாடகைக்கு இருப்பவரின் நிலை எவ்வளவு மெல்லியது என்பதற்குத் தமிழர் கதை மட்டும் உதாரணம் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான் அகமதியா அகதிகளை வீட்டுக்காரர்கள் எழுப்பினார்கள். ஊர்க்காரர் மிரட்டியதால் எழுப்பியவர்களும் உண்டு. சொந்த நாட்டில் மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்தன. குண்டு வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் கரைதான், எங்கட ஆக்கள் "நல்ல சனம், பயமில்லை" என்று சொல்லும் அதே கரை.

சரி, என் வீடு. 2011இல் அவசரகாலச் சட்டம் முடிந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. 2015இல் தலைமன்னார் வரைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது கோட்டைக்கு ஒரே வண்டியில் போகலாம் என்று ஊரே சந்தோசப்பட்டது. என் தலைமுறைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் விளம்பரங்களுக்கு அழைப்பு எடுத்தேன். ஒரு இடத்தில் ஊர் எது என்று கேட்டார்கள், மன்னார் என்றேன், வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். விளம்பரம் அதற்குப் பிறகும் இரண்டு கிழமை இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டில் என்ன மதம் என்று கேட்டார்கள், பிறகு மீன் சமைக்கக் கூடாது என்றார்கள். மன்னாரானிடம் மீன் சமைக்காதே என்றால் அதுவும் ஒரு வெளியேற்றம்தான். வத்தளையில் எல்லாம் பொருந்தியது. ஒரு வருட அட்வான்ஸ் கேட்டார்கள், அதுதான் பொருந்தவில்லை.

கடைசியில் மாலபேயில் ஒரு அனெக்ஸ். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ரீச்சர், சிங்களவர். மூன்று மாத அட்வான்ஸ். கந்தோருக்கு ஒரே பஸ். என் அரைகுறைச் சிங்களத்தில் ஒப்பந்தத்தை வாசித்து முடித்து, கையெழுத்தும் வைத்து, அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்தேன். எழும்பும்போது என்னை அறியாமலே ஒரு கேள்வி வந்துவிட்டது. "பொலிஸில பதிய வேணுமா, அன்ரி?"

அவ கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா. "ஏன் புதா, ஏதும் பிரச்சினையா?"

இல்லை என்றேன். இரவு அம்மாவுக்கு அழைப்பு எடுத்து வீடு சரி என்று சொன்னேன். அவவின் முதல் கேள்வி, பக்கத்தில எங்கட ஆக்கள் ஆராவது இருக்கினமா என்று. இரண்டாவது கேள்வி, வெளிக் கதவுக்கு எத்தனை திறப்பு என்று.