அரியல், தேறல், அக்கானி: ஒரு பானம் தன் பெயர்களை இழந்த வரலாறு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை செல்கிறது. கொல்லயில் முதலிய எல்லையோரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தப் பிரிவினையின் விளைவுகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. பனம்பாளையிலிருந்து இறங்கும் சாறு புளித்தபின், எல்லையின் ஒரு பக்கத்தில் உரிமம் பெற்ற கடையில் விற்கத்தக்க பொருள். மறுபக்கத்தில் 1987 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். இரு சட்டங்களும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தாலும் கேட்ட கேள்வி ஒன்றே: இது எவ்வளவு போதை தரும்? இது எப்படிச் சுவைக்கும் என்று கேட்கும் மரபு தமிழில் இருந்தது என்பதையும், அது எவ்வாறு மங்கியது என்பதையும் சொற்களைக் கொண்டே அறிய முடியும்.

சங்க நூல்களில் கள்ளுக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. ‘நறவு’ என்பது நறுமணத்தைக் குறிக்கும் ‘நறு’ என்னும் அடியோடு உறவுடையது. ‘தேறல்’ என்பது மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் பகுதி. ‘அரியல்’ அரித்து வடித்தது. ‘பிழி’ பிழிந்து எடுத்தது. ‘மகிழ்’ மட்டுமே உண்டவரின் மனநிலையால் பெயர்பெற்றது. இந்த ஐந்தில் நான்கு சொற்கள் மணத்தையும் தெளிவையும் செய்முறையையும் பேசுகின்றன. ஒன்றுதான் மயக்கத்தின் பக்கம் சாய்கிறது. இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகளாக நிகண்டுகளில் அடுக்கப்பட்டது பிற்காலத்தில். வழக்கில் இருந்த காலத்தில் இவை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் சொற்களாக இருந்திருக்க வேண்டும் என்பதை அவற்றின் வேர்களே காட்டுகின்றன.

பனைக்கும் தென்னைக்கும் அப்பால், தானியத்திலிருந்து வீட்டில் ஆக்கிய பானமும் இருந்தது. ‘தோப்பி’ என்னும் சொல்லுக்கு உரையாசிரியர்கள் நெல்லால் செய்த கள் என்று பொருள் கூறுவர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில், அரிசிக் கள் ஆக்கும் முறையையே படிப்படியாக விவரிக்கிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சித் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லால் ஆன அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் முற்ற வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளைநெல் சேர்ப்பதில் ஓர் அறிவு இருக்கிறது. முளைவிடும் தானியத்தில் உருவாகும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சர்க்கரையே பின்னர் மதுவாகும். ஐரோப்பிய உழவர்கள் பார்லியை முளைக்கவைத்து பீர் வடித்ததும் இதே அடிப்படையில்தான்.

தானியப் பானம் தென்தமிழ் வழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. மரத்தின் பானம் எஞ்சியது. தென்திருவிதாங்கூர்ப் பேச்சுவழக்கில், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் இனிய பதநீர் ‘அக்கானி’. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் சாற்றை உடனே நொதிக்கச் செய்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைத் தடுக்கிறது. மலையாளப் பேச்சில் இளங்கள், அந்திக்கள், மூத்த கள் என்னும் பிரிவுகள் இன்றும் உண்டு. முதல் சில மணி நேரத்தில் இனிப்பு மேலோங்கி, நுரையும் மெல்லிய புளிப்பும் சேர்கின்றன. நேரம் செல்லச்செல்ல இனிப்பு குறைந்து மதுவும் அமிலமும் மிகுகின்றன. இறுதியில் அது புளிக்காடியாகி, ‘சொறுக்க’ என்னும் பெயரோடு சமையலறைக்குப் போகிறது. ஒரே பானத்தின் ஒரு நாள் வாழ்வை இத்தனை நிலைகளாகப் பகுத்துப் பெயரிடுவதைச் சுவையறிதல் என்றல்லாமல் வேறெவ்வாறு அழைப்பது?

இதைப் போன்ற உழவர் பானம் ஒன்று வேறோரிடத்தில் மதிப்புப் பெற்ற வரலாறு ஒப்பிடத்தக்கது. பெல்ஜியத்தின் எனோ மாகாணப் பண்ணைகளில் ‘செசோன்’ என்னும் பீர் குளிர்காலத்தில் வடிக்கப்பட்டு, கோடையில் வயல்வேலை செய்வோருக்கு வழங்கப்பட்டது என்பர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பருவம் என்று பொருள். பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் ‘லாம்பிக்’ என்னும் பீர், கள்ளைப் போலவே, விதை ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் சூழலில் உள்ள நுண்ணுயிர்களாலேயே புளிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவை பழமையின் எச்சங்களாகக் கருதப்பட்டன. பிரித்தானிய எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977 முதல் எழுதிய நூல்கள் பீர்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் நிறத்தையும் மணத்தையும் புளிப்பையும் விவரித்தன. குடியானவரின் வாய்ச்சொற்கள் அச்சில் ஏறின. 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பனையின் பானத்துக்கு இது நேராததற்கு ஒழுக்கவுணர்வு மட்டும் காரணமன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையைப் பேசுகிறது. ஆனால் அதியமான் தனக்குக் கள் ஈந்ததை ஔவையார் நினைந்து இரங்கும் புறநானூற்றுப் பாடலும் அதே மொழியில்தான் நிலைத்திருக்கிறது. பெரிய வேறுபாடு சாதியில் இருக்கிறது. பெல்ஜியப் பண்ணையாள் தன் பானத்தால் தீட்டுக்குரியவன் ஆகவில்லை. திருவிதாங்கூரில் பனையேறியவர்களின் தொழில் அவர்களுடைய இழிநிலைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அவர்களுடைய பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே 1859ஆம் ஆண்டின் அரசாணை வரை போராட வேண்டியிருந்தது. திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் பின்னாளில் அச்சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

ஆகவே விடுதலையின் குரல் கள்ளுக்கு எதிராக எழுந்ததில் வியப்பில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, 1920களின் தொடக்கத்தில், மதுவை ஆக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என அறிவுறுத்தினார். குடியால் சிதைந்த வீடுகளையும், தொழிலால் சுமத்தப்பட்ட இழிவையும் கண்டு சொன்ன சொல் அது. அதன் நியாயத்தை மறுக்க இயலாது. எனினும் தொழிலைத் துறந்தவர்கள் அதனோடு அதன் சொற்களையும் துறந்தார்கள். நாவில் நுட்பம் கொண்டிருந்தவர்களே அதை வெளியே சொல்லக் கூசினார்கள்.

சொற்கள் விலகிய இடத்தைச் சட்டத்தின் எண்கள் நிரப்பின. கேரள விதிகள் தென்னங்கள்ளில் 8.1 சதவீதம், பனங்கள்ளில் 5.2 சதவீதம் வரை எரிசாராயம் இருக்கலாம் என வகுத்திருந்தன. கலப்படத்தைத் தடுக்க அது தேவையான அளவுகோல். ஆனால் நல்ல கள்ளையும் கெட்டுப்போன கள்ளையும் அது பிரிக்காது. பெல்ஜியம் 1919இல் மதுக்கூடங்களில் கடுஞ்சாராயத்தைத் தடுத்து பீரை விட்டுவைத்தது. கேரளம் 1996இல் சாராயத்தைத் தடுத்துக் கள்ளை விட்டுவைத்தது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை தொடர, 2003 முதல் அரசு நிறுவனமே ஆலைச் சரக்கைச் சில்லறையாக விற்கிறது. உழவரின் பானம் வெளியேற்றப்பட்டது. ஆலையின் பானம் உள்ளே வந்தது.

கள்ளைப் போற்றுவதும் கள்ளுக்கடையைப் போற்றுவதும் ஒன்றல்ல. குடிக்காதவரும் தேறலுக்கும் அரியலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்கலாம்; கற்க வேண்டும். எல்லையோர ஊர்களில் பனைகள் குறைந்துவருகின்றன. ஏறுவோர் அதைவிட வேகமாகக் குறைகிறார்கள். கலயத்தை முகர்ந்த அளவில் அது எந்நேரத்துக் கள் என்று சொல்லக்கூடிய முதியவர்களிடம் உள்ள சொற்களை, அவர்கள் சுமந்த இழிவின் வரலாற்றோடு சேர்த்து, வட்டார அகராதிகள் இப்போதே பதிவுசெய்தாக வேண்டும். சங்கப் புலவர் அரிசிக் கள்ளின் செய்முறையை எழுதி வைக்காதிருந்தால் தோப்பி இன்று பொருள் விளங்காத ஒரு சொல்லாக மட்டுமே மிஞ்சியிருக்கும். அக்கானிக்கும் அந்திக்கள்ளுக்கும் அந்த நிலை வருவதற்கு ஒரு தலைமுறைதான் இடைவெளி.