குழந்தையின் உள்ளங்காலும் எஃகுத் தகடும்

1741ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியரான நிக்கோலா ஆந்த்ரி, குழந்தைகளின் அங்கங்களில் தோன்றும் கோணல்களைத் தாய் தந்தையரே தடுக்கவும் திருத்தவும் வழிசொல்லி எழுதிய நூலில், முளைக்கம்போடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு கோணல் மரத்தின் சித்திரத்தைச் சேர்த்திருந்தார். எலும்பு வைத்தியர்களின் சங்கங்கள் பல இன்றும் அந்தச் சித்திரத்தையே தங்கள் முத்திரையாக வைத்திருக்கின்றன. சிசுவின் சரீரம் கட்டிவைத்தால் நிமிரும் என்ற அந்த எண்ணம் பிற்கால வைத்தியத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குக் குழந்தைகளின் பாதத்தைப் போல் நல்ல சாட்சி வேறில்லை.

பிறந்த குழந்தையின் உள்ளங்காலில் வளைவு புலப்படுவதில்லை. அந்த இடத்தைக் கொழுப்புத் திண்டு ஒன்று நிரப்பியிருக்கிறது. எலும்புகள் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கின்றன. வளைவின் உச்சியில் அமர வேண்டிய, படகின் உருவம் கொண்ட எலும்பு இறுகத் தொடங்குவதற்கே ஏறக்குறைய மூன்று வயதாகிவிடுகிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் தளர்ந்திருப்பதால், நடை பழகும் பிள்ளையின் பாரம் இறங்கியதும் பாதம் தரையோடு தரையாகப் படிகிறது. பத்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளைவு தானே எழும்பிவிடும். பத்து வருஷம் சும்மா இருந்து பார்ப்பது என்பதோ, பெற்றோருக்கும் வைத்தியருக்கும் எக்காலத்திலும் கடினமான காரியம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ராயல் விட்மன் என்ற வைத்தியர், பாதத்தைச் சாந்தில் அச்செடுத்து, அந்த அச்சின்மேல் எஃகுத் தகட்டை வளைத்து, காலணிக்குள் வைத்துக் கொடுத்தார். இங்கிலாந்தில், பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்த லிவர்பூல் வைத்தியர் ஹியூ ஓவன் தாமஸின் பெயரால், உட்புறம் முன்னோக்கி நீண்ட குதி ஒன்று வழக்கத்துக்கு வந்தது. இவற்றைத் தொடர்ந்து, கணுக்காலுக்கு மேல் ஏறிய தோல் பூட்ஸ்களும், குதிகாலைப் பொதியும் கிண்ணங்களும், கலிபோர்னியாவில் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தாங்கிகளும் வந்தன. அணிந்த பிள்ளைகளுக்கு நாளடைவில் வளைவு எழும்பியது. எழுப்பிய பெருமை தகட்டுக்குப் போயிற்று. மருந்து கொடுத்தாலும் கொடாவிட்டாலும் குணமாகிற நோயைவிட வைத்தியனுக்கு அனுகூலமான நோய் ஏது?

அந்தப் பெருமையின்மேல் சந்தேகம் எழுந்தது, விசித்திரமாக, ராணுவத்திலிருந்து. தட்டைப் பாதம் உடையவன் போருக்கு உதவான் என்று கழிக்கப்பட்ட காலத்தில், கனடா நாட்டுச் சிப்பாய்கள் 3,600க்கும் மேற்பட்டவர்களின் பாதங்களைச் சோதித்த ஹாரிஸ், பீத் என்னும் இருவர், வளைந்து கொடுக்கிற தட்டைப் பாதம் நடைக்குப் பெரும்பாலும் இடையூறில்லை என்றும், குதிநரம்பு இறுகியிருப்பதும் எலும்புகள் ஒட்டியிருப்பதுமே தொல்லைக்குக் காரணம் என்றும் 1947இல் எழுதினார்கள்.

பிள்ளைகளின் விஷயத்தில் தீர்ப்பு வர மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தில், வெங்கர் என்பவரும் உடனிருந்தோரும், தட்டைப் பாதமுள்ள சிறு பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் திருத்தும் பூட்ஸும், இன்னொன்றுக்குக் குதிக்கிண்ணமும், மற்றொன்றுக்கு அச்செடுத்து வார்த்த தாங்கியும் கொடுத்து, நான்காவதற்கு ஒன்றும் கொடாமல், மூன்று ஆண்டுகள் கவனித்தனர். இறுதிவரை நின்ற 98 பிள்ளைகளிலும் எல்லாக் கூட்டத்தாருக்கும் பாதம் திருந்தியிருந்தது. ஒன்றும் அணியாதவர்களுக்கும் திருத்தத்தில் குறைவில்லை. இது வெளியானது 1989இல். வலிக்கிற பாதத்துக்கும், விறைத்துப்போன பாதத்துக்கும் இந்த முடிவு பொருந்தாது. அவற்றுக்குத் தாங்கியும் சிகிச்சையும் வேண்டியவையே.

1992இல் மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசஃப் இருவரும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்ததில், காலணி அணிந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு நடந்தவர்களில் 2.8 பேருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடிய பூட்ஸ் அணிந்தவர்களிடம் அது மிகுதி, செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு என்பதால் காலணிதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், வளைவை உண்டாக்கவென்று பிள்ளையின் காலில் பூட்டிய கனத்த பூட்ஸ் அதற்கு இடைஞ்சலாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை எளிதில் விலக்கவும் முடியவில்லை.

இவ்வளவும் தட்டைப் பாதத்தின் கதை. பிறவியிலேயே உட்புறம் மடங்கிவரும் கோணல் பாதத்தின் கதை வேறு. கூடிய சீக்கிரத்திலேயே கையால் மெல்ல நிமிர்த்திக் கட்டுப்போட வேண்டும் என்று ஹிப்போகிரட்டிஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலே சொல்லியிருக்க, இடையில் வந்தவர்கள் கத்தியையும் முரட்டு யந்திரங்களையும் நம்பினார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டோருக்கு வைத்தியம் செய்து, தோல்விக்குப் பின் மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய்ச்சேர்ந்த இக்னாசியோ பொன்செட்டி, வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் பாதத்தை நிமிர்த்தும் மென்மையான முறையை நிலைநாட்டினார். கட்டு அவிழ்ந்தபின் அணிவது, லண்டனின் டெனிஸ் பிரவுன் 1930களில் வகுத்த மாதிரியில், இரு காலணிகளை ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்த தாங்கி: முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், பிறகு நான்கு வயதுவரை உறங்கும் வேளையில். தகடு தேவையில்லாத பிள்ளைக்கு அதை வருஷக்கணக்காக மாட்டிவைத்த உலகத்தில், இந்தச் சிகிச்சைக்குப் பின் கோணல் திரும்புவதற்கு வைத்தியர்கள் சொல்லும் முதற்காரணம், கால்தான் நேராகிவிட்டதே என்று பெற்றோர் தாங்கியைக் காலத்துக்கு முன்பே கழற்றிவிடுவது.