எட்டுப் பல்லுக்கு நாற்பத்து மூன்று

காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடியாகிவிட்டது. தறிச் சத்தம் கேட்ட தெருவில் நான் எஞ்சின் அலறலைக் கேட்டு வளர்ந்தேன்.

அப்பாவின் பிக்கப், பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பை வெட்டிக் கட்டியது. மூன்றே கியர். டாப்பில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகம். பின் அச்சில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43, அதாவது 5.38. சேற்றில் இழுக்க அருமை. கும்மிடிப்பூண்டி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகம் என்றாலே எஞ்சின் நிமிடத்துக்கு 2,450 சுற்று சுற்றும்.

ஒருநாள் 39 பல் கிரவுனை அதற்கான பினியனோடு மாட்டினார். அதே வேகத்துக்கு 2,220 சுற்று. காது பிழைத்தது, லோடு ஏற்றிக் கிளப்பும்போது கிளட்ச் கருகியது. முன் அச்சைத் தொடவில்லை. அதனால் ஃபோர்வீல் போடக்கூடாது என்று கண்டிப்பு. ஸ்பீடோமீட்டரும் குறைத்தே சொன்னது: முள் 54 காட்டினால் வண்டி 60-ல் போகிறது.