டாக்கா மஸ்லினும் வெட்டப்பட்ட விரல்களும்

மஸ்லின் என்ற சொல் முஸ்லிம் என்பதிலிருந்து பிறந்தது என்று நம்மில் சிலர் இன்றும் எண்ணுகிறோம். ஈராக்கின் மோசுல் நகரை வைத்து ஐரோப்பியர் இட்ட பெயர் அது என்பதே பரவலான கருத்து. ஆனால் அத்துணியின் உச்சத்தைக் கண்டது வங்காளம். டாக்காவைச் சூழ்ந்த ஆற்றங்கரைகளில் அது நெய்யப்பட்டது.

கி.பி. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த, வணிகர் சுலைமானின் பெயரால் வழங்கும் அரபுக் குறிப்பு, வங்காளம் எனக் கருதப்படும் ருஹ்மி நாட்டின் பருத்தி ஆடை ஒரு மோதிரத்தின் வழியே நுழைந்துவிடும் என்று வியக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற இப்னு பதூதா, உயர்ந்த மெல்லிய துணி முப்பது முழம் இரண்டு தீனாருக்குத் தம் கண்ணெதிரே விற்கப்பட்டதை எழுதி வைத்தார்.

மேக்னா ஆற்றின் கரைகளில் விளைந்த ‘பூட்டி கார்பாஸ்’ என்னும் பருத்தியே இதன் மூலம். அதன் இழை குட்டையானது. வறண்ட காற்றில் அறுந்துவிடும். ஆகவே இளம்பெண்கள் விடியலின் ஈரத்திலும் மாலையின் ஈரத்திலும் மட்டுமே கதிரில் நூற்றனர். பஞ்சைச் சீவ வாளை மீனின் தாடையெலும்பு உதவியது என்பதைப் படித்தபோது நாம் சற்று நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வளர்த்த தொழில் இது. முகலாய மன்னருக்கு ‘மல்மல் காஸ்’ சென்றது. ஓடும் நீர் எனப் பொருள்படும் ‘ஆப்ரவான்’, பனித்துளி எனப் பொருள்படும் ‘ஷப்னம்’ என்றெல்லாம் வகைகளுக்குப் பெயரிட்டார்கள். பட்டு நூலால் பூவேலை செய்த ‘கசீதா’ துணிகள் தலைப்பாகைக்காக ஜித்தாவுக்கும் பஸ்ராவுக்கும் கப்பலேறின.

உடல் தெரிய உடுத்திய மகளை ஔரங்கசீப் கடிந்துகொண்டதாகவும், தாம் ஏழு அடுக்கு அணிந்திருப்பதாக அவர் விடையளித்ததாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ புனைவோ, அதில் வரும் கேள்வி பழையது. தமக்கு வந்த எகிப்தியத் துணியை உஸாமா (ரலி) தம் மனைவிக்குக் கொடுத்தபோது, அதன் கீழே உள்ளாடை ஒன்றை அணியச் சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. துணியின் மென்மை தடுக்கப்படவில்லை. உடல் வடிவம் தெரிவதே தவிர்க்கப்பட்டது.

இனி விரல்களுக்கு வருவோம். ஆங்கிலேயர் டாக்கா நெசவாளரின் கட்டைவிரல்களை வெட்டினர் என்ற செய்தி ஆண்டுதோறும் நம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. நாமும் அதை முன்பு பகிர்ந்திருக்கிறோம். 1772இல் வில்லியம் போல்ட்ஸ் எழுதியது வேறு: பட்டு நூல் சுற்றுவோர், கட்டாய வேலைக்கு அஞ்சித் தம் விரல்களைத் தாமே வெட்டிக்கொண்டனர். போல்ட்ஸும் கம்பெனியோடு பகை கொண்டவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் விசாரித்த பின்னும் கம்பெனியின் குற்றம் குறைவதாக நமக்குத் தோன்றவில்லை. மனிதன் தன் பிழைப்புக்குரிய விரலைத் தானே அறுத்துக்கொள்ளத் துணிகிறான் என்றால், அவனை அந்நிலைக்குத் தள்ளியது எது?

1757க்குப் பின் கம்பெனியின் குமாஸ்தாக்கள் முன்பணத்தை நெசவாளர் கையில் திணித்து, அடிமாட்டு விலைக்குத் துணியை வாங்கினர். பிறருக்கு விற்றவன் தண்டிக்கப்பட்டான். அரசவைகள் நலிந்து வாங்குவோரும் அருகினர். பிரிட்டன் இந்தியத் துணிக்கு மிகுந்த வரி விதித்தது. அதன் ஆலை நூலோ மலிவாக இங்கு வந்திறங்கியது. 1817இல் டாக்காவின் கம்பெனி வணிகச் சாவடி மூடப்பட்டது. நகரின் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்திலிருந்து முப்பதாயிரம் அளவுக்குச் சரிந்ததாக 1840இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சார்ல்ஸ் டிரெவெல்யன் சாட்சியளித்தார். நூற்கும் பெண்கள் வேறு பிழைப்பைத் தேடினர். பூட்டி கார்பாஸும் வயல்களிலிருந்து மறைந்தது.

மஸ்லினின் வழிவந்த ஜாம்தானி மட்டும் அறுபடாமல் நீடித்தது. 2013இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அருங்காட்சியகத்துப் பழந்துணியின் மரபணுவோடு ஒப்பிட்டு, மறைந்த பருத்தியை நெருங்கிய செடிகளை வங்கதேச ஆய்வாளர்கள் தேடிக் கண்டெடுத்தனர். இப்போது அதை மீண்டும் பயிரிட்டு, மெல்லிய நூலைக் கையால் நூற்கப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள்.