நாட்பட்ட தொற்றில் உடலின் செம்பும் கன உலோகங்களும்

காசநோய், எலும்புக்குள் பிடிக்கும் சீழ், நுரையீரல் பூஞ்சை நோய் என மாதக்கணக்கில் நீடிக்கும் தொற்றுகளின்போது இரத்தத்தில் உலோகங்களின் அளவு மாறுகிறது. செம்பு கூடும், இரும்பும் துத்தநாகமும் குறையும். இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் உடலே உண்டாக்குகிறது. காரீயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றின் சங்கதி வேறு. அவை வெளியிலிருந்து வந்து சேர்பவை; உடலுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 'உடம்பில் செம்பு ஏறிவிட்டது, இறக்க வேண்டும்' என்ற பேச்சும், அதன்பேரில் தேவையற்ற சிகிச்சைகளும் நடக்கின்றன.

செம்பு ஏன் கூடுகிறது

வளர்ந்த ஒருவர் உடலில் இருக்கும் செம்பு ஏறக்குறைய 100 மில்லிகிராம். இரும்பு 3 முதல் 4 கிராம் இருப்பதோடு பார்த்தால் இது சொற்பம்தான். ஆனால் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்க உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி செம்பில்லாமல் இயங்காது. குடல் உறிஞ்சும் செம்பு கல்லீரலுக்குப் போய்ச் சேரும். மிகுதி பித்தநீரோடு கழிந்துவிடும். இரத்தத்தில் உள்ள செம்பின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் இருக்கிறது. நீல நிறமுள்ள இந்தப் புரதத்தை ஹோல்ம்பெர்க், லாரெல் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் 1948-இல் விவரித்தார்கள். இரும்பை அது பயணம் செய்வதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றுவது இதன் முக்கிய வேலை.

தொற்று ஏற்பட்டதும் தடுப்பணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்களை அனுப்புகின்றன. கல்லீரல் உடனே செருலோபிளாஸ்மினைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஆறேழு செம்பு அணுக்களைச் சுமந்து வருவதால், சீரத்தில் செம்பின் அளவும் சேர்ந்து ஏறுகிறது. இயல்பான அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 70 முதல் 140 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாகி வரும், வீட்டில் கலவரம் தொடங்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜனால் இதே உயர்வு வரும். அதை யாரும் நஞ்சு என்று சொல்வதில்லை. காசநோயாளிகளிடம் செம்பு–துத்தநாக விகிதம் உயர்ந்திருப்பதையும், மருந்து வேலை செய்யத் தொடங்கியபின் அது இறங்குவதையும் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன.

கிருமியின்மேல் செம்பு

பெருவிழுங்கணு என்ற தடுப்பணு ஒரு காசநோய்க் கிருமியை விழுங்கும்போது அதைச் சிறு பை ஒன்றுக்குள் அடைக்கிறது. பிறகு அந்தப் பைக்குள் செம்பை ஏற்றுகிறது. ஏற்றித் தருவது ஏடிபி7ஏ என்ற புரதம். அளவு மீறிய செம்பு, கிருமியின் நொதிகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த மையங்களைக் குலைக்கிறது. அதே பையிலிருந்து இரும்பையும் மாங்கனீசையும் பெருவிழுங்கணு வெளியே இழுத்துக்கொள்கிறது. ஒன்றைக் கொட்டிக் கொல்வது, இன்னொன்றை மறுத்துப் பட்டினி போடுவது என இரண்டும் ஒரே இடத்தில் நடக்கின்றன.

காசநோய்க் கிருமியும் சும்மா இருப்பதில்லை. செம்பு ஏறுவதை உணரும் ஒரு புரதம் அதனிடம் இருப்பது 2007-இல் தெரியவந்தது. செம்பைத் தன் உள்ளே தங்கவிடாமல் காக்கும் இன்னொரு புரதத்தை நீக்கிய கிருமிகள் கினியா பன்றிகளின் உடலில் நன்றாகப் பெருக முடியாமல் போனதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் சாமர்த்தியம் இதைவிட வியப்பானது. எச்.ஐ.வி. நோயாளிகளின் மூளையுறையைத் தாக்கும் இது, முதலில் நுரையீரலில்தான் குடியேறுகிறது. அங்கே செம்பு மிகுதி. ஆகவே அதைப் பிடித்து அடக்கிவைக்க மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. மூளைக்குப் போனதும் அங்கே செம்புப் பஞ்சம். இப்போது செம்பை உள்ளே இழுக்கும் வேறொரு புரதத்தை நம்பி வாழ்கிறது. ஒரே நோயாளிக்குள் ஓர் உறுப்பில் மிகுதி, மற்றோர் உறுப்பில் தட்டுப்பாடு. ஒரு குழாய் இரத்தத்தை எடுத்துப் பார்த்து 'உடம்பின் செம்பு இவ்வளவு' என்று சொல்வது எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரும்பும் துத்தநாகமும்

1944-இல் ஷேட், கரோலின் என்ற ஆய்வாளர்கள், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சீதபேதிக் கிருமியை வளரவிடாமல் தடுப்பதையும், அதில் இரும்பைச் சேர்த்தால் கிருமி மறுபடி வளர்வதையும் கண்டார்கள். வெள்ளைக்கருவிலுள்ள ஒரு புரதம் இரும்பைக் கட்டிப்போட்டிருந்தது. மனித உடல் செய்வதும் இதுவே. தொற்றின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடலிலிருந்தும் விழுங்கணுக்களிலிருந்தும் இரும்பு வெளிவரும் வழி அடைபடுகிறது. இது நீண்டுபோனால் உடலில் இரும்பு இருந்தும் இரத்தக்குறை வரும். இரும்பு மாத்திரையால் அது அவ்வளவாகத் தீராது.

சோதனையும் ஏமாற்றும். சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், தொற்றில் தானாகவே உயரும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல், நலமாயுள்ள பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக்குறை என்றும், தொற்றோ அழற்சியோ இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே போனாலே குறை என்றும் வரையறுத்தது. மலேரியா மிகுந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில், கடும் நோயும் இறப்பும் கூடியதாக 2006-இல் முடிவு வந்தது. சோதிக்காமல் எல்லோருக்கும் இரும்பை ஊட்டிவிடக் கூடாது என்பதை மருத்துவ உலகம் இப்படித்தான் கற்றது.

துத்தநாகம் தொற்றின்போது இரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் போய்விடும். சீழில் குவியும் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, மிச்சமுள்ள துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கிருமிக்குக் கிடைக்காமல் செய்கின்றன.

நச்சு உலோகங்கள்

காரீயம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகும். எலும்பிலோ பல ஆண்டுகள் தங்கும். கர்ப்பம், நீண்ட படுக்கை போன்ற எலும்பு கரையும் நிலைகளில் அது மறுபடி இரத்தத்துக்கு வரலாம். காட்மியம் சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் கிடக்கும்.

தொற்றுக்கும் நச்சு உலோகத்துக்கும் உள்ள உறவை ஆர்செனிக் தெளிவாகக் காட்டியிருக்கிறது. சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரம் 1958-இல் புதிய ஆற்றுநீருக்கு மாறியது. அந்த நீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்செனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் வரம்பு 10. சுத்திகரிப்பு நிலையம் 1970-இல்தான் வந்தது. அந்தப் பகுதியில் நுரையீரல் புற்றுநோயோடு காசநோய் இறப்புகளும் கூடியிருந்ததைப் பிற்காலக் கணக்குகள் காட்டின. இங்கே உலோகம் தொற்றின் விளைவு அன்று. தொற்றுக்கு அது இடம் கொடுத்திருக்கலாம்.

நாட்பட்ட நோயாளிக்கு நச்சு உலோகம் மருந்தின் வழியாகவும் வரலாம். பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2004 ஆய்வு, அவற்றில் 14-இல் காரீயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருப்பதைக் கண்டது.

சோதனையும் சிகிச்சையும்

செம்பு உண்மையிலேயே நஞ்சாகத் தேங்கும் வில்சன் நோயில், சீரத்தின் செருலோபிளாஸ்மின் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். 24 மணிநேரச் சிறுநீரில் செம்பு கூடியிருக்கும். ஆனால் அந்த நோயாளிக்குத் தொற்றும் சேர்ந்தால் செருலோபிளாஸ்மின் இயல்புபோல உயர்ந்து நோயை மறைத்துவிடக்கூடும். அழற்சியின் அளவைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதும், தொற்று தணிந்தபின் மறுபடி சோதிப்பதும் நல்லது.

உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் சிறுநீரை அளந்து 'கன உலோகம் மிகுதி' என்று காட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் உலோகம் கூடும். மருந்து கொடுக்காத நிலைக்கான வரம்போடு அதை ஒப்பிடுவது பொருளற்றது. அமெரிக்க நச்சியல் மருத்துவர் கல்லூரியும் இந்தச் சோதனையை ஏற்கவில்லை. இந்த மருந்துகள் ஆபத்தற்றவையும் அல்ல. 2003–2005 காலத்தில் அமெரிக்காவில் உலோக நீக்கச் சிகிச்சை பெற்ற மூவர், இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தார்கள்.

துத்தநாக மாத்திரையைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. மிகுதியான துத்தநாகம் குடலில் மெட்டலோதயோனினைக் கூட்டி, செம்பை உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கிறது. வில்சன் நோய்க்கு அதை மருந்தாகத் தருவதும் இதற்காகவே. அந்த நோய் இல்லாதவர் பெரிய அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் செம்புக்குறை வந்து, இரத்தமும் வெள்ளணுவும் குறையும். கால் மரத்து நடை தள்ளாடும். மாத்திரையை நிறுத்திச் செம்பு கொடுத்தால் இரத்தம் சில வாரங்களில் சீராகும். நரம்பில் ஏற்பட்ட சேதம் பலருக்கும் முழுதாக மீள்வதில்லை.