மரபணு ஆராய்ச்சியில் சான்றின் எல்லை

ஒரு நோய்க்கு ஏதுவாகும் மரபணு இன்னதெனத் துணிந்து கூறுவதற்கு எத்துணைச் சான்று வேண்டும் என்னும் வினாவிற்கு, உயிரியலாரும் புள்ளியியலாரும் தந்த விடை காலந்தோறும் ஒன்றாக இருந்ததில்லை. அவ்விடை மாறிய வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மெண்டலின் விதிகளும், உறவினரிடையே காணும் ஒப்புமையைக் கார்ல் பியர்சன் அளந்த முறையும் தம்முள் முரணுவன என்றே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் எண்ணினர். சிறுபயன் விளைக்கும் மரபணுக்கள் பல கூடின் அவ்வொப்புமை மெண்டலின் விதிவழியே தோன்றும் என 1918இல் ஆர். ஏ. ஃபிஷர் நிறுவினார். நீரிழிவு, இதயநோய் முதலியன பல மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் கூடி விளைவன என்னும் இக்காலக் கொள்கைக்கு வித்து அக்கட்டுரையே எனலாம். ஆயினும் அம்மரபணுக்களுள் ஒன்றையேனும் பிரித்துக் காட்டும் வழி அதில் இல்லை.

அவ்வழியைத் தந்தது குடிவழி ஆராய்ச்சி. குரோமோசோமில் அருகருகே உள்ள இரு கூறுகள் பெரும்பாலும் சேர்ந்தே தலைமுறை இறங்கும். ஆதலின் இடம் அறியப்பட்ட ஓர் அடையாளமும் நோயும் ஒரு குடும்பத்தில் சேர்ந்தே வருமாயின், நோய்க்குரிய மரபணு அதன் அருகில் உள்ளதெனக் கொள்ளலாம். அச்சேர்க்கை தற்செயலா என அறுதியிட 1955இல் நியூட்டன் மார்ட்டன் ஓர் எல்லை வகுத்தார். அண்மை உண்டெனக் கொள்ளும்போது கிட்டும் நிகழ்தகவு, இல்லையெனக் கொள்ளும்போது கிட்டுவதினும் 1,000 மடங்கு இருத்தல் வேண்டும். 1,000இன் மடக்கை 3 ஆதலின் இதனை 'லாட் மதிப்பு 3' என்பர். 1983இல் ஹண்டிங்டன் நோயின் மரபணு 4ஆம் குரோமோசோமில் உள்ளதென இம்முறையால் அறியப்பட்டது. அந்நோய் ஒரே மரபணுவால் வருவது என்பதை மறத்தலாகாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் மக்கள் தம்முள்ளேயே மணம் புரிபவர். குடிவழிக் குறிப்புகளைப் பேணுபவர். களிவெறியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோயை ஆராய்வார்க்கு அவரினும் ஏற்ற மக்கள் அரியர். அவருள் ஒரு குடிவழியில் அந்நோய்க்குரிய மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளதென 1987இல் நேச்சர் இதழில் அறிவிக்கப்பட்டது. லாட் மதிப்பும் 3ஐக் கடந்திருந்தது. ஈராண்டில் அம்முடிவு வீழ்ந்தது. நோயற்றவர் என எழுதப்பெற்ற இருவர் பின்னர் நோயுற்றனர். குடிவழியின் பிற கிளைகளையும் சேர்த்துக் கணக்கிடவே சான்று மறைந்தது. முதற்கட்டுரை எழுதினோருள் சிலரே 1989இல் வெளிவந்த மறுப்பிலும் பங்கு கொண்டமை அவர்தம் நேர்மையைக் காட்டும். ஒரு மரபணு நோய்க்கு வகுத்த எல்லையைப் பல மரபணு நோய்க்கு ஏற்றியதே இங்கு நேர்ந்த குறை என யாம் கருதுகிறோம்.

1996இல் நீல் ரிஷ், கேத்லீன் மெரிகாங்கஸ் ஆகிய இருவரும் முறையையே மாற்றுமாறு கூறினர். மரபணு வேறுபாடு ஒவ்வொன்றும் நோயொடு உடன்வருகின்றதா என நேரே சோதித்தலே சிறுபயன் மரபணுக்களைக் காட்டவல்லது என்பது அவர் கொள்கை. ஆனால் 10 லட்சம் சோதனைகளில், 20இல் ஒன்று என்னும் வழக்கமான எல்லையைக் கொண்டால், பொய்யானவையே 50,000 தேறிவிடும். சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்கொள்வார்க்கு இத்தகைய தற்செயல் ஒப்புமைகள் புதியன அல்ல. ஆகவே 2 கோடியில் ஒன்று என்னும் கடுமையான எல்லையை அவர்கள் வகுத்தனர். மனிதர்க்கு 1 லட்சம் மரபணுக்கள் உண்டென எண்ணி இட்ட கணக்கு அது. புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 எனப் பின்னர் அறியப்பட்டும் எல்லை நிலைத்தது. ஐரோப்பிய வழியினரிடம் பரவலாக உள்ள வேறுபாடுகளைச் சோதித்தல், ஏறத்தாழ 10 லட்சம் தனிச் சோதனைகளுக்கு ஒப்பாகும் என்று வேறு வழியால் தெரிந்தமையே காரணம்.

2007இல் பிரித்தானியாவில் 7 நோய்களுக்கு, நோய் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,000 பேரும் ஒப்புநோக்க 3,000 பேரும் ஆராயப்பட்டனர். 2014இல் மனச்சிதைவு நோய்க்கு மட்டும் 108 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றன் பயனும் மிகச் சிறிது. ஃபிஷர் கருதியதும் அதுவே. எனினும் இத்தகைய ஆய்வுகளுக்கு உட்பட்டோருட் பெரும்பாலர் ஐரோப்பிய வழியினர். ஆப்பிரிக்க மக்களிடம் மரபணு வேறுபாடுகள் மிகுதி. அவை ஒன்றையொன்று சார்ந்திருத்தலும் குறைவு. ஆதலின் அவர்களை ஆராயுமிடத்து 2 கோடியில் ஒன்று என்னும் எல்லையும் போதாது.