பத்து வெள்ளி சொல்லும் தலைமைத்துவப் பாடம்

தலைமைத்துவப் பயிற்சி என்றதும் ஓட்டல் கருத்தரங்குதான் நினைவுக்கு வருகிறது. நம் தோட்டங்களிலேயே அதற்குப் பாடம் உண்டு.

1950-களின் இறுதியில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பாட்டாளிகள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். நூறு வெள்ளிப் பங்குக்குப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினர். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

சொற்பொழிவைக் கேட்டுக் கலைபவர்களைவிட, கூடிப் பேசி முடிவெடுப்பவர்களே அதிகம் மாறுகிறார்கள் என்று 1940-களில் அமெரிக்காவில் ஆய்ந்து சொன்னார் உளவியலாளர் கர்ட் லெவின்.

கங்காணி காலத்தில் ஆணைக்குப் பணிந்தவர்கள் நம்மவர்கள். பத்து வெள்ளி கட்டியதும் பங்காளிகள் ஆனார்கள். நம் ஆலய நிர்வாகத்திலும் அலுவலகத்திலும் இன்று நடப்பது எது? சிந்திப்போம், நேயர்களே.